சனிக்கிழமை ஒறம்பரை

ஆனி பிறந்துவிட்டால் கருமத்தம்பட்டியில் யாரும் நேராக நடப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளைத் தள்ளும், வேட்டியைத் தூக்கும், கொடியில் காயும் சேலையைக் கொண்டுபோய் அடுத்த தோட்டத்து வேலியில் மாட்டும். அந்தக் காற்றுக்குள் தலையைக் குனிந்துகொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார் சென்னியப்பன். கையில் இரண்டு பைகள் இருந்தன. எப்போதும் ஒன்றுதான் இருக்கும்.

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வரும் விருந்தாளி. ஒறம்பரை வந்தால் கோழி அடிப்போம், நல்ல போர்வையை எடுத்துக் கொடுப்போம், வீட்டுச் சண்டையை ஒத்திவைப்போம். சென்னியப்பன் ஏழு வருடமாகத் தன் வீட்டுக்கே ஒறம்பரையாக வந்துகொண்டிருந்தார். அந்தியூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி வேலை. மில்லுக்குள்ளேயே ஜாகை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். அந்த முதல் பஸ் வரும் நேரமும் மாடு கறக்கும் நேரமும் ஒன்று. அதனால் அவர் மனைவி சாந்தாமணி ஒருநாள்கூட அவரை பஸ் ஏற்றிவிட்டதில்லை. மாட்டின் வயிற்றோடு நெற்றியை ஒட்டிக்கொண்டு கறக்கும்போது தூரத்தில் ஹார்ன் சத்தம் கேட்கும். போகிறார் என்று தெரிந்துகொள்வாள்.

வாசலில் நின்றிருந்தவள் கண்ணில் அந்த இரண்டாவது பைதான் முதலில் பட்டது.

"ஏனுங்க, ரண்டு பையி கொண்டாந்திருக்கறீங்க?"

"மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடு அம்மணி."

குடித்தார். மீதித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். பிறகுதான் சொன்னார்.

"மில்லு நின்னுபோச்சு சாந்தா."

"நின்னுபோச்சுன்னா? கரண்டு இல்லீங்களா?"

"கரண்டெல்லாம் இருக்குது. மொதலாளி மில்லையே வித்துப்போட்டாரு. வாங்குனவங்க குடோனாக்கப் போறாங்களாமா. எல்லாத்துக்கும் கணக்கு முடிச்சுக் குடுத்தர்றேன்னுட்டாங்க. இந்தப் பையில இருக்கறது அங்க கெடந்த துணிமணி. இனி அங்க எனக்கு ஒண்ணும் இல்ல."

சாந்தாமணிக்கு வருத்தம் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வேலை போன மனிதர் எதிரில் நிற்கிறார், இவளுக்கோ சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. அதை முகத்தில் காட்டாமல் இருக்க அடுப்படிக்குப் போய், கொதிக்காத குழம்பைக் கிண்டினாள்.

வழக்கம்போல நாட்டுக்கோழிதான். கோழிச் சாறும் சோறும் போட்டு உட்கார்ந்தபோது அவர் தன் திட்டத்தைச் சொன்னார்.

"பி.எஃப்பு, பென்ஷனு, அதுல கெடக்கறது எல்லாத்தையும் ஒட்டுக்கா எடுத்துப்போடலாம். அதுல இன்னொரு மாடு புடிச்சுக்கலாம். நீ ரண்டைக் கற, நான் ஒண்ணக் கறக்கறேன். ஊட்டோட இருந்துக்கறேன்."

"உங்களுக்குக் கறக்கத் தெரியுமுங்களா?"

"சின்னதுல கறந்தவன்தான். மறந்தா போயிரும்?"

"மாடு ஒதைக்கறப்பத் தெரியும்," என்றாள் சாந்தாமணி. சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் ஒருவர் வீட்டிலிருந்தால் திங்கட்கிழமை ஹார்ன் சத்தம் வெறும் ஹார்ன் சத்தமாகவே இருக்கும். எவனோ போகிறான் என்று கறந்துகொண்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் அக்பர் அலி கடைக்குப் போனார்கள். பேர் ஜெராக்ஸ் கடைதான். ஆனால் எங்கள் ஊரில் மில் வேலையை விட்டு நின்றவர்கள் வீட்டுக்குப் போகும் முன்னால் அங்கேதான் போவார்கள். கம்ப்யூட்டரில் பி.எஃப் கணக்கைத் திறந்து பார்த்து, எடுத்துக் கொடுக்கும் வேலையெல்லாம் அக்பர் அலி செய்வார். அம்பது வயதுக்காரர். வந்தவர்களுக்கு டீ சொல்லாமல் வாயைத் திறக்க மாட்டார்.

சென்னியப்பனின் போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, அக்பர் அலி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரண்டு தடம் இருக்குதுங்ணா," என்றார். "ஒண்ணு, நீங்க சொன்னது. வேலைய விட்டு நின்ன பொறகு கொஞ்ச நாள் பொறுத்துட்டு எல்லாத்தையும் எடுத்துக்கறது. பென்ஷன் கணக்குல கெடக்கறதும் வந்துரும். அதோட செரி. மாசாமாசம் ஒண்ணும் வராது."

"இன்னொரு தடம்?"

"வேற மில்லுல சேந்து, இதே நம்பர்ல தொடர்றது. பென்ஷனுக்குப் பத்து வருசம் வேணுமுங்க. உங்களுக்கு ஏழு இருக்குது. இன்னொரு மூணு வருசம் ஓட்டிப்போட்டீங்கன்னா பத்தும் ஆயிரும், உங்களுக்கு அம்பத்தெட்டு வயசும் ஆயிரும். அப்பறம் நீங்க இருக்கற மட்டும் மாசம் பொறந்தா பேங்குல வந்து உழுந்துக்கிட்டே இருக்கும்."

"எத்தன உழுகும்?"

"பெருசா எதிர்பாக்காதீங்ணா, பொய் சொல்லப்படாது. மாட்டுக்குத் தீவனம் வாங்கலாம், அடுப்படிக்கு மளிகை வாங்கலாம். ஆனா நிக்காது. அண்ணனுக்கப்புறம் அக்காவுக்குப் பாதி வரும், அதும் அக்கா இருக்கற மட்டும்."

"என்னைய இப்பவே கணக்கு முடிக்கறயே," என்று சென்னியப்பன் சிரித்தார். சாந்தாமணி சிரிக்கவில்லை.

"செரி, ஏழு ஏழுங்கறயே. அதுக்கு முந்தி நம்மூரு மில்லுல ஒம்போது வருசம் இருந்தனே. அது எங்க போச்சு?"

அக்பர் அலி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதையத்தான் நீங்க எடுத்துப்போட்டீங்களேங்ணா. பணத்தை எடுத்தா அந்த வருசமும் அதோட போயிருமுங்க. அன்னைக்கு எடுக்காம, இத்தன வருசம் வேலை செஞ்சிருக்கறேன்னு சர்டிபிகேட் வாங்கி வெச்சிருந்தா, ஒம்போதும் ஏழும் சேந்து இன்னைக்குப் பதினாறு. கொஞ்சம் கொறச்சுக் குடுப்பாங்க, ஆனா இந்த வருசத்துலயே பென்ஷன் வாங்கிட்டு ஊட்டோட உக்காந்துக்கலாம்."

தெருவில் காற்று ஒரு பிளாஸ்டிக் பையைத் துரத்திக்கொண்டு போனது.

"ஆருக்குங்ணா தெரியும் அப்ப," என்றார் அக்பர் அலி, மனசு கேட்காமல். "எங்கப்பாவும் மில்லுல அப்படித்தான் எடுத்தாரு. எடுத்துத்தான் இந்தக் கடை."

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பி.எஃப் என்பது வயதான காலத்துக் காசு என்று எங்கள் ஆட்கள் நினைத்ததே இல்லை. மகளுக்குச் சீர் வைக்க வேண்டுமா, போர் போட வேண்டுமா, தறி வாங்க வேண்டுமா, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மில் வேலையை விட்டு நிற்பார்கள். நின்றால்தானே முழுசாகக் கைக்கு வரும். எடுத்துக் காரியத்தை முடித்துவிட்டு, வேறொரு மில்லில் புது ஆள் மாதிரி போய்ச் சேர்ந்துகொள்வார்கள். தப்பு என்று யாரும் சொன்னதில்லை. சொல்லக்கூடியவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

சென்னியப்பன் செய்ததும் அதுதான். அவிநாசி ரோட்டு மில்லில் ஒன்பது வருடம் ஷிப்ட் மாற்றி மாற்றி வேலை செய்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவார். குழந்தை லோகப்பிரியா அப்பாவைத் தூங்குகிற ஆளாகத்தான் அறிந்திருந்தாள். "கண்ணு முழிச்சது போதுமுங்க. அதைய எடுத்துப்போட்டு நாலு தறி போட்டுக்கலாம், ஊட்டோட இருங்க," என்று சொன்னது சாந்தாமணிதான். சொன்னபடி அவர் நின்றார், எடுத்தார், வீட்டுக்குப் பின்னால் கூரை போட்டு நான்கு தறி நிறுத்தினார். வீட்டோடுதான் இருந்தார். ஆனால் தறிச் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. சோறு தின்ன வாருங்கள் என்பதைக்கூடக் கையால் காட்டித்தான் கூப்பிட வேண்டும். பிறகு கூலி கட்டவில்லை. தறியை இரும்புக்காரன் எடை போட்டு ஏற்றிக்கொண்டு போனான். அவர் பையைத் தூக்கிக்கொண்டு அந்தியூருக்குப் போனார். லோகுவும் கல்யாணமாகிப் போன பிறகு, சத்தம் நின்றுபோன வீட்டில் பேச ஆளில்லை.

கடையிலிருந்து திரும்பி நடக்கும்போது சென்னியப்பனுக்குப் போன் வந்தது. அவரோடு அந்தியூரில் ஒரே அறையில் இருந்த சீனிவாசலு. கெட்டிக்கார மனிதர், மில் நிற்கப்போகிறது என்று தெரிந்ததுமே வெள்ளகோவிலில் வேறொரு மில் பார்த்துச் சேர்ந்துவிட்டார்.

"அண்ணா, இங்க மேஸ்திரிக்கு ஆளு கேக்கறாங்க. பி.எஃப் எல்லாம் உண்டு. நாளைக்கே வந்தீங்கன்னா எடம் உங்களுக்குத்தான்."

"இல்லப்பா, நான் ஊட்டோட இருக்கலாம்னு இருக்கறேன்."

"அக்காகிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க."

"அவகிட்ட என்னத்தக் கேக்கறது? அவதான் ஏழு வருசமா வா வாங்கறா," என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சாந்தாமணி சேலைத் தலைப்பைக் காற்றிலிருந்து பிடித்து இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மத்தியானம் அவர் தூங்கினார். நல்ல தூக்கம். இனிமேல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தவன் தூங்குகிற தூக்கம். சாந்தாமணி அவரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நரைத்த மீசை, வாயோரம் லேசாகத் திறந்திருந்தது. இவரை எழுப்பி, இருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைத்தான் ஏழு வருடமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குப் பால்போசியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். தறி நின்ற அதே கூரைக்கடியில்தான் இப்போது மாடுகள் கட்டியிருக்கின்றன. தறிகளைத் தரையோடு பிடித்து முறுக்கிய போல்ட்டுகள் சில இன்னும் சிமெண்டில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தெரியாமல் மிதித்தால் காலைக் கிழிக்கும். மாடுகளே அதைத் தெரிந்துகொண்டு ஒதுங்கிப் படுக்கும். சாணியை வழிக்கும்போதெல்லாம் அவற்றைச் சுற்றித்தான் சீமாறு ஓட்டுவாள். அன்றைக்கு ஒரு போல்ட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, அதையே பார்த்தாள்.

எழுந்து வந்த சென்னியப்பன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "ஒண்ண நான் கறக்கட்டுமா?" என்றார்.

"நீங்க வெள்ளகோவிலுக்குப் போயிருங்க."

அவர் கட்டிக்கொண்டிருந்த துண்டைப் பாதியில் விட்டார்.

"என்ன சொல்லறே?"

"சீனிவாசலண்ணன் சொன்ன மில்லுக்குப் போயிருங்க. மூணு வருசந்தானுங்களே."

"எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு போன்ல கேட்டுக்கிட்டே இருந்தது ஆரு?"

"நாந்தான்."

"இப்ப வந்துட்டேங்கறேன். போங்கறே." துண்டை உருவித் தோளில் போட்டார். "அந்தப் பாதி பென்ஷனு உன்ற மனசுல நின்னுக்கிச்சாட்ட இருக்குது. நான் போனதுக்கப்புறம் வர்றது."

சாந்தாமணி எழுந்து நின்றாள். மாடு திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்க, இந்த வார்த்தைய வேற ஆராச்சும் சொல்லியிருந்தா இந்தப் போசிய மூஞ்சிலயே வீசியிருப்பேன்."

"பொறகு என்னத்துக்குப் போகச் சொல்லறே?"

"இதையப் பாருங்க," என்று காலடியில் இருந்த போல்ட்டைக் காட்டினாள். "அன்னைக்கும் கையில காசு இருந்துச்சு. ஊட்டோட இருங்கன்னேன், இருந்தீங்க. காசு தீந்துச்சு, போயிட்டீங்க. நீங்க போன அன்னைக்கு இந்தக் கொட்டாய்க்குள்ள வந்து நின்னு எத்தன அழுதேன்னு இந்தச் செவுத்துக்குத்தான் தெரியும். இந்தக் காசும் தீருமுங்க. மாடு புடிப்போம், நம்ம லோகு பிரசவத்துக்கு வருவா, சீரு செய்யோணும். எல்லாம் தீந்து, அறுவது வயசுல மறுபடியும் பையத் தூக்கிட்டு எங்கியாச்சும் வாட்ச்மேன் வேலைக்குப் போவீங்க. அதைய நான் தாங்க மாட்டேன். நீங்க வந்தா போகாத மாதிரி வரோணும். அதுக்கு மூணு வருசம்னா, நான் இருந்துக்குவேன்."

அவர் மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். காற்றில் கூரைத் தகரம் படபடத்தது.

"உனக்குச் சங்கடமா இல்லியா?"

"இல்லாம இருக்குமுங்களா? நேத்துப் பொழுதோட அந்த ரண்டாவது பையப் பாத்ததும் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு என்ன தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஏழு வருசத்துல எனக்கு இன்னொரு கொறையும் உண்டுங்க. நீங்க அங்க எப்படி இருப்பீங்கன்னு நெனச்சுப் பாப்பேன். நெனப்பே வராது. அந்த எடத்த நான் பாத்ததில்லியே. கட்டலா, பாயா, சன்னல் இருக்குதா, வெளிச்சம் வருதா, ஒண்ணுந் தெரியாது. உங்க மொகம் மட்டும் தெரியும், சுத்தியும் இருட்டா இருக்கும்."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே."

"ஒறம்பரைகிட்ட அதையெல்லாம் கேப்பாங்களா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கைத் துண்டில் துடைத்தார்.

"நானும் ஒண்ணு கேக்காமயே இருந்துட்டேன் சாந்தா. வந்தாக் கோழி, வந்தாக் கோழி. எனக்கு நம்மூட்டு அரிசியும் பருப்புஞ் சோறு தின்னு எத்தன வருசமாச்சு தெரியுமா? நீ அத்தன ஆசையா ஆக்கி வெக்கறே, எப்படிக் கேக்கறது?"

"அடக் கடவுளே," என்றாள் சாந்தாமணி. "வெடக்கோழிக்குன்னு ஊரெல்லாம் அலைவனே!"

அன்றைக்கு அரிசியும் பருப்பும்தான். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், ஒரே பாத்திரத்தில் வெந்து இறங்கும் சோறு. வேலை நாளில் அவசரத்துக்கு ஆக்குவது, யாருக்கும் விருந்தாகப் போட மாட்டார்கள். மேலே நெய்யை ஊற்றி, அப்பளம் நொறுக்கி, தயிரும் வைத்தாள். அவர் மூன்றாவது முறை கேட்டு வாங்கினார். ஒறம்பரை கேட்டு வாங்க மாட்டார்கள், வீட்டு ஆள்தான் கேட்டு வாங்குவார்.

சோற்றுத் தட்டைக் கழுவும்போதே அவள் அடுத்ததையும் சொல்லிவிட்டாள். "நாளைக்கு நானும் வாரேனுங்க. அந்த எடத்தப் பாத்துப்போட்டுத்தான் உங்கள உடுவேன்."

"மாடு?"

"மாடு ஒருநாள் என்னையப் பாக்காம இருந்துக்கட்டும்."

பக்கத்து வீட்டு வெங்கடம்மாள்தான் கறப்பதாக ஒத்துக்கொண்டாள். நாயக்கர் வீட்டம்மாள், சொந்த மாடு மூன்று உண்டு. "செவலைக்குக் கொஞ்சம் தவிடு காட்டிட்டுக் கறங்கக்கா, ஒதைக்கும்," என்று சாந்தாமணி நான்கு முறை சொன்னாள். "நான் மாட்டயே பாத்ததில்ல பாரு, நீ சொல்லிக் குடுக்கறே. போ தாயி, போயிட்டுப் புருசனப் பத்திரமா வெச்சுட்டு வா," என்று வெங்கடம்மாள் விரட்டினாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவர்கள் போனார்கள். பஸ் ஹார்ன் அடித்தபோது சாந்தாமணி அதற்குள்ளே உட்கார்ந்திருந்தாள். வெளியிலிருந்து கேட்பதைவிட உள்ளேயிருந்து கேட்டால் சின்னச் சத்தம்தான் என்று ஆச்சரியப்பட்டாள். திருப்பூரில் மாறினார்கள், காங்கேயத்தில் டீ குடித்தார்கள். காங்கேயம் தாண்டியதும் பச்சை குறைந்து, கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களும் முருங்கைத் தோப்புகளுமாக வந்தது. எல்லா மரமும் ஒரே பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

வெள்ளகோவில் மில்லில் சீனிவாசலு வாசலிலேயே காத்திருந்தார். ஆபீசில் சென்னியப்பனிடம் பழைய நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். "இதே நம்பர்தானுங்களே? புதுசாப் போட்டுராதீங்க," என்று சாந்தாமணி எட்டி நின்று சொன்னாள். ஆபீஸ் பெண் தலையாட்டினாள்.

பிறகு அறையைப் பார்க்கப் போனார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு இரும்புக் கட்டில், சுவரில் ஆணி, மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. சீனிவாசலு நாகரிகம் தெரிந்தவர், டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனார். சாந்தாமணி ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள். காற்று அறைக்குள் வந்து அவள் தலைமுடியைக் கலைத்தது. வெளியே ஒரு முருங்கை மரம், அதற்கப்பால் வெறும் காடு.

"ஏனுங்க, நம்மூரு எந்தப் பக்கமுங்க?"

சென்னியப்பன் யோசித்தார். கைவிரலை அப்படியும் இப்படியும் காட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "இந்தக் காத்து வர்ற பக்கந்தான் அம்மணி. நம்மூரத் தாண்டித்தான் இங்க வருது."

"அப்படீங்களா," என்றாள். கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். "அக்கட்டால புடிங்க."

இருவரும் சேர்ந்து கட்டிலைத் திருப்பினார்கள். கால்மாடு ஜன்னல் பக்கம் வந்தது.

"கெழக்க தலை வெச்சுப் படுங்க. கண்ணு முழிச்சா நம்மூருப் பக்கம் பாப்பீங்க."

அவர் கையிலிருந்த போர்வையை அதில் விரித்தார். சாந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் நீட்டிப் படுத்தாள். கூரையைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே ஆடுகிற முருங்கையைப் பார்த்தாள். கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் எல்லாம் இருந்ததா என்று சரிபார்க்கிறவள் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

"என்ன சாந்தா, தூங்கிட்டியா?"

"இல்லீங்க. இப்பத் தெரியுது," என்றாள்.

பிறகு எழுந்து, அவள் படுத்துக் கசங்கிய போர்வையை உதறாமல் அப்படியே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள். சாயங்காலக் கறவைக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும்.